கிலுகிலுவும் கரகரவும்

தமிழில் சத்தத்துக்குப் பஞ்சம் கிடையாது. கடகட, தடதட, நறநற, கரகர, கிலுகிலு, சலசல... இரட்டைக்கிளவிக்கு எடுத்துக்காட்டு தருக என்று கேட்டால் விடைத்தாளின் ஓரம்வரை எழுதலாம். இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது. இதையும் சேர்த்து எழுதினால் இரண்டு மதிப்பெண். சிங்காநல்லூரில் ஓர் அரசுப் பள்ளியில் நான் வாங்கிய அந்த இரண்டு மதிப்பெண், முப்பது வருடம் கழித்து ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்சுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க உதவியது.

கார் என்னுடையது. இரண்டே இருக்கை, துணிக்கூரை. எஞ்சின் முன்னால், அது தள்ளுவது பின்சக்கரங்களை. கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். என்னைவிட இருபது வயது இளையது, ஆனால் கார்க் கணக்கில் கிழவி. மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி பார்த்துச் சேர்த்த பணத்தில், நாற்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக் கொடுத்தது. ஊருக்குப் படம் அனுப்பியபோது பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: “ரெண்டு சீட்டுதானா கண்ணு? அப்ப வேற யாரும் வரமாட்டாங்களா?” இரண்டாவது சீட்டே உபரிதான் என்று நான் சொல்லவில்லை.

வாங்கிய அடுத்த வசந்தத்தில் சத்தம் வந்தது. சிக்னலில் நிற்கும்போது, இருக்கைகளுக்கு நடுவே, கியர் கம்பிக்குக் கீழேயிருந்து. முதல் பட்டறைக்குப் போகும்போது என்னோடு வேலை பார்க்கும் ஓர் ஆண் நண்பரும் உடன் வந்தார். பேருந்தில் திரும்ப வேண்டியிருக்குமே, பேச்சுத்துணைக்கு என்று. அவருக்கு ஓட்டவே தெரியாது. பட்டறைக்காரர் கேள்விகளை எல்லாம் அவரிடம் கேட்டார், நான் பதில் சொன்னேன். அந்த விசித்திரமான முக்கோணத்தின் முடிவில் வந்த தீர்ப்பு: “இந்த வகைக் கார் எல்லாமே இப்படித்தான். அது இதன் கேரக்டர்.”

இரண்டாவது பட்டறைக்குத் தனியாகப் போனேன். “கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுவீர்கள். நிறையப் பெண்கள் அப்படித்தான்” என்றார் அவர். பெடலின் மேல் காலை ஊன்றியே ஓட்டினால் உள்ளே ஒரு பேரிங் சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். ஆனால் அவர் பேரிங்கையும் பார்க்கவில்லை, என் காலையும் பார்க்கவில்லை. மூன்றாவது இடத்தில் கியர்பாக்ஸே போய்விட்டது, வேறு மாற்ற வேண்டும் என்று 2,900 யூரோவுக்கு ஒரு தாளை நீட்டினார்கள்.

ஒரே சத்தம், மூன்று தீர்ப்பு. ஒன்றுமில்லை, உன் தப்பு, எல்லாமே போச்சு. மூன்று பேரில் ஒருவர்கூடக் காரில் உட்கார்ந்து அந்தப் பெடலை மிதித்துப் பார்க்கவில்லை. இந்த மூன்று வாக்கியங்களையும் இதற்கு முன்னால் வேறு இடங்களில், வேறு விஷயங்களுக்காகக் கேட்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. மாதவிலக்கு வலிக்காக மருத்துவரிடம் போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

கேரக்டர் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களில் நிஜமாகவே சத்தத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் காரின் கையால் கியர் மாற்றும் பழைய தலைமுறைகள் நியூட்ரலில் நிற்கும்போது, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டு ஆட்டியதுபோல் ஒலிக்கும். பெடலை மிதித்தால் அமைதி. தெரியாதவர் கேட்டால் வண்டி உடைந்துவிட்டது என்பார், தெரிந்தவர் கண்ணை மூடி ரசிப்பார். டுகாட்டி மோட்டார் சைக்கிள்களின் உலர் கிளட்சும் அப்படித்தான். அந்தக் கலகலப்பு இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று காசு கொடுத்து ஓட்டை போட்ட மூடி வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரில், கேபின் அமைதியாகிவிட்டதால், எஞ்சின் சத்தத்தை ஒலிபெருக்கி வழியாக உள்ளே ஒலிக்கவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோர வாகன நிறுத்தத்தில் இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். ஒருவர் மற்றவருக்குத் தன் வண்டியின் சத்தத்தைக் காட்டுவார், குழந்தை மழலை பேசுவதைக் காட்டுவதுபோல. ஓர் ஆண் சொன்னால் ரசனை. நான் சொன்னால் புகார், அல்லது பிரமை. சத்தம் என்னவோ ஒன்றுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் தோழி. டிராம் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்க்கிறாள். காகிதக் கோப்பைகளையும் பிஸ்கட்டையும் வைத்து உணவகத்து மேசையில் விளக்கினாள். எஞ்சினின் முனையில் ஃப்ளைவீல் என்ற கனத்த வட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் முகத்தில் கிளட்ச் பிளேட். பின்னாலிருந்து பிரஷர் பிளேட் ஸ்பிரிங் பலத்தால் அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டையில் செருகியிருப்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட். ஆகவே பெடலைத் தொடாதவரை, கியர் நியூட்ரலில் இருந்தாலும், எஞ்சின் சுற்றினால் அந்த ஷாஃப்டும் சுற்றும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற வளையம் முன்னே நகர்ந்து பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது. பிடி விடுகிறது. ஷாஃப்ட் சுற்றுவது அடங்குகிறது.

இந்த நாலு வரி போதும். இதை யாரும் பெண்களிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை, ஓட்டுநர் பயிற்சிப் புத்தகத்திலேயே படமாக இருக்கிறது. ஆனால் தம்பிக்கு அப்பா பானெட்டைத் திறந்து காட்டினார், எனக்குப் பெட்ரோல் பில்லைக் கணக்கெழுதக் கொடுத்தார். ஒளித்து வைப்பதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

சரி, நியூட்ரலில் ஏன் கிலுகிலுக்கிறது? எஞ்சின் சீராகச் சுற்றுவதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 27 உதை. ஒவ்வொரு உதைக்கும் ஷாஃப்ட் கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி ஓடுகிறது. கியர்பாக்ஸிலோ முன்னோக்கிப் போகும் கியர்களின் பல்சக்கரங்கள் எல்லாமே எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் இருக்கின்றன. நாம் கியர் மாற்றுவது என்பது அவற்றில் ஒன்றை ஷாஃப்டோடு பூட்டுவது மட்டும். பூட்டாதவை சும்மா சுற்றும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே, எண்ணெய்ப் படலத்துக்காகவும் சூட்டில் இரும்பு விரிவதற்காகவும், மயிரிழை இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளிக்குள் பல் முன்னும் பின்னும் தட்டுகிறது. அதுதான் கிலுகிலு. சுமை இல்லாத சக்கரங்களின் அரட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண கார்களில் இந்த அரட்டையை அடக்கப் பெரிய ஏற்பாடு உண்டு. ஃப்ளைவீலையே இரண்டாகப் பிளந்து, நடுவில் நீண்ட வளைந்த ஸ்பிரிங்குகளை வைத்து, உதைகளை அங்கேயே விழுங்கிவிடுவது. லூக் என்ற நிறுவனம் 1985இல் இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அவர்களுடைய ஊரான ப்யூல், கார்ல்ஸ்ரூவுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள். அவர்களுடைய கிளட்ச் தொழிற்சாலை நம் ஓசூரிலும் இருக்கிறது. ஆனால் இரட்டை ஃப்ளைவீல் கனமானது. கனம் கூடினால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் துள்ளாது. துள்ளல் வேண்டும் என்கிற ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் லேசான ஒற்றை ஃப்ளைவீலைப் போட்டு, அரட்டையைச் சகித்துக்கொள்கிறார்கள். என் காரிலும் ஒற்றைதான்.

தோழி அன்று சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இது: “சத்தம் இருக்குன்னு யாருகிட்டயும் சொல்லாதே. எப்ப இருக்கு, எப்ப இல்லைன்னு சொல்லு.”

ஆய்வகத்தில் எங்களுக்கு இது முதல் நாள் பாடம். கண்டதை எழுது, காரணத்தை அப்புறம் தேடு. ஒரு குறிப்பேடு வாங்கிக் காரில் வைத்தேன். ஜெர்மனில் எழுதப் பார்த்தேன், சொல் கிடைக்கவில்லை. ‘சத்தம்’, ‘விநோதமான சத்தம்’, ‘அதே விநோதமான சத்தம்’ என்று மூன்று நாள் எழுதிய பிறகு தமிழுக்கு மாறினேன். கை தானாக ஓடியது.

காலை, வெளியே 4 டிகிரி. எஞ்சின் குளிர்ச்சி. நியூட்ரல், கால் பெடலில் இல்லை: சத்தம் இல்லை. பெடலை மிதித்தால்: கரகர.

அரை மணி ஓட்டிய பிறகு. நியூட்ரல், கால் பெடலில் இல்லை: கிலுகிலு. பெடலை மிதித்தால்: கிலுகிலு நின்றது, கரகர வந்தது.

இப்படிப் பன்னிரண்டு நாள் எழுதினேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, நான் ஒரு சத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு சத்தங்கள். ஒன்று நிற்கும் இடத்தில் மற்றது தொடங்குகிறது, தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல. போகிறபோக்கில் கேட்பவருக்குச் சத்தம் எப்போதும் இருப்பதாகவே படும். அதனால்தான் ஒருவருக்கு அது கேரக்டராகவும் இன்னொருவருக்குச் செத்துப்போன கியர்பாக்ஸாகவும் கேட்டது. தமிழில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் இருந்ததால் எனக்குப் பிரிந்து தெரிந்தது.

கிலுகிலு சூடானால் மட்டும் வருகிறது. கியர் ஆயில் சூட்டில் இளகிவிடுகிறது, குளிரில் கெட்டியாக இருந்து பற்களைப் பிடித்துக்கொள்கிறது. பெடலை மிதித்ததும் ஷாஃப்ட் நிற்பதால் அதுவும் நிற்கிறது. ஆகவே பல் அரட்டை, பயப்பட ஒன்றுமில்லை. இதே நேரத்தில், இதே இடத்தில் கிலுகிலுவுக்குப் பதிலாக இடைவெளியே இல்லாத உறுமல் கேட்டு, எஞ்சின் வேகம் கூடக்கூட அதுவும் ஏறினால், அது இன்புட் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்காக இருக்கலாம். அப்போது பயப்படலாம்.

கரகர பெடலை மிதிக்கும்போது வருகிறது. குளிரோ சூடோ அதற்கு ஒன்றுதான். விரல் நுனியால் தொடுவதுபோல் பாதத்தை லேசாக வைத்தாலே ஆரம்பித்துவிடுகிறது. ரிலீஸ் பேரிங்கின் மேல் சுமை ஏறுவது சரியாக அந்த நொடியில்தான். பெடலை முழுக்க மிதித்து, கியரைப் போட்டு, வண்டி நிற்கும்போது மட்டும் கிறீச்சிட்டிருந்தால் ஃப்ளைவீல் பக்கம் இருக்கும் பைலட் பேரிங்கைச் சந்தேகித்திருப்பேன். அது இல்லை.

ஓடும்போது? நான்காவது கியர் என் காரில் நேர்க் கியர், விசை துணை ஷாஃப்டைச் சுற்றிப் போகாமல் நேராகப் போய்விடும். அதில் அமைதியாக இருந்து மற்றவற்றில் ஊளையிட்டால் துணை ஷாஃப்டின் பேரிங்குகளைப் பார்க்க வேண்டும். எனக்கு எந்த கியரிலும் ஊளை இல்லை. ரிவர்ஸில் மட்டும் உண்டு, அது எல்லாக் காருக்கும் பொதுவாக இருப்பது. மற்ற கியர்களுக்குப் பல் சாய்வாக வெட்டியிருக்கும், பக்கத்துப் பல்லை வழுக்கியபடி தொடும். ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் நேர்ப் பல், ஒவ்வொன்றும் முழு அகலத்துக்கும் ஒரேயடியாக மோதும். பந்தயக் கார்களில் எல்லா கியருக்கும் நேர்ப் பல் வைப்பதுண்டு. அவை முன்னால் போகும்போதும் ரிவர்ஸில் போவதுபோலவே கத்துவது அதனால்தான். கியர் மாற்றும்போது நறநற? இல்லை. ஆக, 2,900 யூரோ கியர்பாக்ஸுக்கு எதிராக என்னிடம் பன்னிரண்டு நாள் சாட்சி இருந்தது.

நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் ப்ரூக்சால் வருகிறது. சாலையோரத்தில் பெர்த்தா பென்ஸ் பாதை என்று பலகை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, தாய்வீட்டுக்கு, அவருடைய மோட்டார் வண்டியை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சங்கிலியை இந்த ப்ரூக்சாலில்தான் ஒரு கொல்லர் சீராக்கிக் கொடுத்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்து, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். அதைச் சேர்த்தார்கள்.

இந்தக் கதையைத் துணிச்சல்காரப் பெண்ணின் சாகசமாகவே சொல்வார்கள், நினைவுச்சின்னம்கூட உண்டு. எனக்கு அதில் பிடித்தது கடைசி வரி. ஒரு பெண் ஓட்டிப் பார்த்து, இந்த இடத்தில் இது போதவில்லை என்று சொன்னாள், இயந்திரம் மாறியது. அவருடைய சீதனப் பணமும் அந்த வண்டியில் போட்ட முதலில் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். முதலீட்டாளர் சொன்னால் யாரும் கொஞ்சம் காதுகொடுப்பார்கள்.

கியர்பாக்ஸ் என்றால் எனக்கு நினைவு வரும் இன்னொருவர் பிரான்ஸின் மிஷேல் மூட்டோன். 1981இல் சான்ரெமோவில் உலக ராலி பந்தயச் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண். அடுத்த ஆண்டு ஆடி குவாட்ரோவில் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்றை வென்று, உலகப் பட்டத்துக்கு வால்டர் ரோல் என்ற ஜெர்மானியரோடு மோதிக்கொண்டிருந்தார். ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் நேரத்தில் தந்தை இறந்த செய்தி வந்தது. அப்படியும் ஓட்டினார், வெகுதூரம் முன்னிலையில் இருந்தார். கியர்பாக்ஸ் கோளாறு அந்த முன்னிலையைத் தின்றது, பிறகு விபத்து. பட்டம் ரோலுக்குப் போனது. அவர் இழந்ததற்கு இன்றும் ஆயிரம் உளவியல் விளக்கம் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். கியர்பாக்ஸ் என்று ஒரு வார்த்தையில் முடியும் விஷயம்.

ஜூன் மாதம் அம்மா வந்தார், மூன்று மாத விசாவில். விமான நிலையத்திலிருந்து வரும்போது என்னுடைய உபரி சீட்டில் உட்கார்ந்து, ஊறுகாய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையைக் கியர் கம்பியின் மேல் சாதாரணமாகப் போட்டிருந்தார். இந்த மாதிரிக் கார்களில் கியர் கம்பி நேராகக் கியர்பாக்ஸின் தலையிலேயே இறங்கியிருக்கும், நடுவில் கேபிள் கிடையாது. சிக்னலில் நான் பெடலை மிதித்தேன்.

“கண்ணு, இதுல ஒரு பேரிங்கு போயிருக்குது.”

கிலுகிலு அவருக்குக் கேட்கவே இல்லை. கேட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை என்றார். கரகர மட்டும் உள்ளங்கையில் தெரிந்திருக்கிறது.

அம்மா பத்தொன்பது வருடம் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேமில் வேலை பார்த்தவர். ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில் ஒன்றாகச் சுற்றும் கூடம். யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள், உதட்டையும் கையையும் பார்த்தே பேச்சு. ஃபிரேமின் மேல் கையை வைத்தால் எந்தப் பக்கம் பேரிங் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார். அவர் சொன்னதும் ஃபிட்டர் வந்து, ஸ்க்ரூ டிரைவரின் முனையை இரும்பில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ஆமாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்வாராம். கண்டுபிடித்தது ஃபிட்டர் கணக்கில் ஏறும். “எனக்கு அந்தக் கணக்கு எதுக்கு கண்ணு, சைடு நின்னா எங் கூலியில்ல போகுது” என்றார்.

பெண்களுக்குக் காது கூர்மை, கை நுட்பம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அந்தப் புகழ்ச்சியைச் சொல்லித்தான் எங்களைக் குறைந்த கூலிக்கு மில்லில் நிறுத்தினார்கள். காது வேலையில் பழகுகிறது, வேலையிலேயே கெடவும் செய்கிறது. மில்லை விட்டு வந்ததிலிருந்து அம்மாவுக்குக் காதுக்குள் ‘உய்ங்’ என்று ஓயாத இரைச்சல். ஊர் மருத்துவர், வயசானால் அப்படித்தான், மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று தூக்க மாத்திரை எழுதினார். அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். “சும்மா உக்காந்திருக்கறவளுக்குத்தான் காதுல சத்தம் கேக்கும்.”

இங்கே வாடகைக்கு லிஃப்ட் தரும் பட்டறைகள் உண்டு. மணிக் கணக்கில் காசு, கருவிகளும் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை நானும் தோழியும் போனோம். அம்மா பிளாஸ்கில் காபியோடு ஸ்டூலில். கிளட்ச் வேலையில் பேரிங்கின் விலை ஒன்றுமே இல்லை, அதை எட்டுவதற்கான கூலிதான் விலை. பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றி, கியர்பாக்ஸைத் தாங்கிக்குக் கொடுத்துப் பின்னுக்கு இழுத்து இறக்க வேண்டும். மேலே எட்டாத இரண்டு போல்ட் எங்கள் மதியத்தை விழுங்கியது. அதனால்தான் ஒருமுறை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது வழக்கம். நான்கும் சேர்த்து 240 யூரோ ஆயிற்று.

பழைய ரிலீஸ் பேரிங்கைத் தோழி துடைத்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா ஒரு விரலை உள்ளே விட்டுச் சுற்றினார். மணல் அரைப்பதுபோல் திக்கித் திக்கிச் சுற்றியது. புதியதை மற்றக் கையில் வாங்கிச் சுற்றினார். அது சத்தமில்லாமல் வழுக்கியது. இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது, ஆனாலும் தோழி கட்டைவிரலை உயர்த்த, அம்மா தலையை ஆட்டினார். கியர்பாக்ஸில் பழைய ஆயிலை வடித்தபோது அதில் உலோகத் துகள் எதுவும் பளபளக்கவில்லை. கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருந்தது.

இரவு எட்டு மணிக்கு வண்டியைக் கிளப்பினோம். பெடலை மிதித்தால் அமைதி. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆயில் சூடாகி, நியூட்ரலில் கிலுகிலு வந்துவிட்டது. அது வரும் என்று தெரியும்.

அம்மா ஊருக்குக் கிளம்பும் முன் அவரைக் காது கருவி விற்கும் கடைக்கு அழைத்துப் போனேன். இங்கே அந்தக் கடைகளில் காதை இலவசமாகவே சோதிப்பார்கள். அம்மா என்ன எழுதிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டார். எப்போது கேட்கிறது, எப்போது கேட்கவில்லை என்று ஒரு வாரம் சொல்லச் சொல்லி நான் எழுதியிருந்தேன். ஃபேன் ஓடினால் உய்ங் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்கு அதிகம். இடது காதில் கூடுதல். குக்கர் விசில் கேட்கிறது, மிக்ஸி கேட்கிறது, ஃபோனில் பேத்தி பேசுவது பாதிதான் புரிகிறது.

சோதித்த இளம்பெண், கண்ணாடி அறைக்குள் அம்மாவை உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். கோடு ஓரளவு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, மறுபடி கொஞ்சம் ஏறியது. நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே அவள் கேட்டாள்: உங்கள் அம்மா சத்தமான இடத்தில் வேலை பார்த்தவரா?

“என்ன கேக்கறாங்க?” என்றார் அம்மா.

சொன்னேன்.

“பத்தொம்பது வருசம்னு சொல்லு.” பிறகு திரையில் அந்தப் பள்ளத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தத் தாள்ல ரெண்டு காப்பி போடச் சொல்லு கண்ணு. ஒண்ணு டாக்டருக்கு, ஒண்ணு உங்கப்பனுக்கு.”